நாகராஜ் வட்டமிட்ட டாங்கிகள்

ஜூஜுவாடி நெரிசலில் பஸ் நின்றிருந்தபோது செய்தி வந்தது. நம் பழைய இன்ஸ்பெக்‌ஷன் ஆட்களின் வாட்ஸ்அப் குழுவில், "நாகராஜ் காலைல தவறிட்டாரு" என்று ஒரே வரி. கீழே வரிசையாகக் கும்பிடு கைகள். நானும் ஒன்று போட்டேன். போட்ட பிறகு என்மேல் எனக்கே அருவருப்பாக இருந்தது. ஏன் என்று உங்களில் ஒருவருக்கும் தெரியாது. அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

நானும் அவனும் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். கியர் செய்யும் கம்பெனியில், உடைந்து வரும் பீஸ்களைச் சோதிக்கும் மேசை எங்களுடையது. அவன் லாக்கர் கதவின் உள்பக்கம் உங்களுக்கு நினைவிருக்கும். மற்றவர்கள் சாமி படம் ஒட்டிய இடத்தில் இவன் உலகப்போரில் நொறுங்கிய ஜெர்மன் டாங்கிகளை ஒட்டியிருந்தான். எல்லாம் பிரவுசிங் சென்டரில் பிரிண்ட் போட்ட கறுப்பு வெள்ளைப் படங்கள். சங்கிலி அறுந்தது, பள்ளத்தில் கவிழ்ந்தது, எதிரிப் படை பிடித்து, தன் நட்சத்திரத்தை மேலே வரைந்து ஓட்டிப்போனது. ஒவ்வொன்றிலும் கோளாறு எங்கே தொடங்கியிருக்கும் என்று சிவப்புப் பேனாவால் ஒரு வட்டம்.

"குண்டு பட்டுப் போனத உட்ருப்பா. யாரும் அடிக்காம தானா நின்னு போச்சு பாரு, அதுதான் நம்ம கேஸு" என்பான். அவ்வளவு பெரிய இரும்பு, உள்ளே ஒரு கியரின் பல் போனால் ரோட்டோரம் நின்றுவிடும் என்பதில் அவனுக்குத் தீராத ஆச்சரியம்.

மேசையிலும் அப்படித்தான். நாங்கள் உடைந்த பீஸைச் சிவப்புத் தொட்டியில் எறிந்துவிடுவோம். அவன் லென்ஸ் வைத்துப் பார்த்து, விரிசல் தொடங்கிய இடத்தில் வட்டம் போட்ட பிறகுதான் போடுவான். ஒருமுறை அடுத்தடுத்து மூன்று பீஸ் உடைந்ததற்கு ஆபரேட்டரை வீட்டுக்கு அனுப்பப் பார்த்தார்கள். "ஆள அப்பறம் பாக்கலாம் சார், மொதல்ல பீஸப் பாக்கலாம்" என்றான். பார்த்தால், வந்த இரும்பிலேயே கோளாறு. அந்த ஆளின் வேலை தப்பியது.

பிறகு ஜெர்மனியிலிருந்து கஸ்டமர் ஆடிட்டுக்கு வருவதாகத் தகவல் வந்தது. தரைக்குப் பெயின்ட், வாசலில் பூந்தொட்டி என்று கம்பெனியே கல்யாண வீடானது. மேசையின் பொறுப்பு நாகராஜுக்குத்தான் வருவதாக இருந்தது. நான் அவன் லாக்கரிலிருந்து ஒரு படத்தைக் கிழித்துக்கொண்டு மேனேஜரிடம் போனேன்.

"சார், அவங்க தோத்த படத்த ஒட்டி வெச்சிருக்கான். பாத்தா மனசு கஷ்டப்படுவாங்க. ஆர்டரே போயிரும்."

மேனேஜருக்கும் பயம் பிடித்துக்கொண்டது. மறுநாள் நாகராஜ் ஸ்டோர்ஸில் இருந்தான், பொறுப்பு என்னிடம் இருந்தது. கம்பெனிக்காகச் சொன்னேன் என்று வெகுகாலம் என்னையே ஏமாற்றிவந்தேன். அந்த நாற்காலிமேல் எனக்குக் கண், அவ்வளவுதான்.

வந்த ஜெர்மன்காரர் லாக்கர் பக்கமே போகவில்லை. சிவப்புத் தொட்டியிலிருந்து ஒரு கியரை எடுத்து, வட்டத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இதைப் போட்டது யார் என்று கேட்டார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான்தான் என்றேன். பாராட்டிக் கை கொடுத்தார். வெட்கமில்லாமல் நானும் கை நீட்டினேன்.

சாயங்காலம் கேன்டீனில், "ஆடிட்டு நல்லாப் போச்சாமே முருகேசு" என்று நாகராஜ் ஒரு டீயை என் பக்கம் நகர்த்தினான். குடித்தேன். அவன் ஸ்டோர்ஸிலேயே ரிட்டையர் ஆனான்.

துக்கத்துக்குப் போனபோது அவன் மகள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அப்பா உங்களப் பத்திச் சொல்லிட்டே இருப்பாரு மாமா. அந்தப் படத்தப் பாத்தா வர்ற மனுசனுக்கு வலிக்குமேன்னு முருகேசுதான் நெனச்சான், எனக்குத் தோணல பாரு அப்படீன்னு."

அப்படியென்றால் போட்டுக்கொடுத்தது நான்தான் என்று அவனுக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்தும் அதிலே என் நல்ல குணத்தைத் தேடி எடுத்து, மகளுக்குச் சொல்லிவைத்திருக்கிறான். "இல்லம்மா, அது பொய்" என்று சொல்ல அங்கே எனக்கு வாய் வரவில்லை. இங்கே, உங்கள் எல்லோர் முன்னாலும் சொல்கிறேன். இதை முதலில் அவளுக்குத்தான் அனுப்பினேன்.

அன்று கிழித்த படம் என் பீரோவில் இருக்கிறது. ரோட்டோரம் நிற்கும் ஒரு டாங்கி, உடம்பில் கீறல்கூட இல்லை. அதைப் பிடித்த சிப்பாய்கள் மேலே உட்கார்ந்து சிரிக்கிறார்கள். முன்பக்கம், கியர் இருக்கும் இடத்தில், அவன் போட்ட சிவப்பு வட்டம். அவன் நினைவாக என்னிடம் இருப்பது இது ஒன்றுதான். அவன் கொடுத்ததல்ல, நான் கிழித்தது.