ஒரு பக்கம் அடிச்சிப் பாக்கணும்

சாராள் தட்டச்சு செய்யும்போது காகிதத்தைப் பார்ப்பதில்லை. எதிரில் முக்காலியில் உட்கார்ந்திருப்பவரின் வாயைப் பார்க்கிறாள். "எங்க மாமியா வூட்டாண்ட கீற தென்னமரம், அது எங்க பங்குதாம்மா. ராவோட ராவா காய அறுத்துகினு பூட்டான்" என்று அந்த வாய் சொல்லி முடிப்பதற்குள், 'மேற்படி மனையிலுள்ள தென்னை மரத்தின் காய்களை எதிர்மனுதாரர் எனது அனுமதியின்றிப் பறித்துச் சென்றுவிட்டார்' என்று காகிதத்தில் விழுந்திருக்கும். சொல்கிறவர் அழ ஆரம்பித்தால் கைகளை மடியில் வைத்துக்கொண்டு காத்திருக்கிறாள். அழுகை அடங்கியதும், "ம், அப்பால?" என்கிறாள்.

செங்கல்பட்டில் கோர்ட்டுக்கு எதிரே ஸ்டாம்பு பேப்பர் விற்கும் கடையின் தாழ்வாரம்தான் அவளுடைய ஆபீஸ். ஒரு மேஜை, ஒரு நாற்காலி, ஒரு முக்காலி. நகங்களை ஒட்ட வெட்டியிருக்கிறாள். கல்யாண மோதிரம் விரலில் இல்லை. கழுத்துச் சங்கிலியில் தொங்குகிறது. மோதிரம் போட்ட விரல் சோம்பேறி விரலாம். வீட்டில் துணி துவைப்பாள், பிழிய மாட்டாள். பிழிகிற வேலை கணவர் தேவசகாயத்துடையது. ரயில்வேயில் பாயிண்ட்ஸ்மேன் அவர். தண்டவாளத்தைத் திருப்புகிற கை புடவையைப் பிழிவதைப் பார்த்துக் குடியிருப்பில் சிரிப்பவர்கள் உண்டு. "சிரிக்கட்டும். அவுங்க வூட்டு மனுவும் நாந்தான அடிக்கிறேன்" என்கிறாள் சாராள்.

இப்போது அவளிடம் இருக்கும் தமிழ் டைப்ரைட்டர் பார்வைக்கு லட்சணமானதல்ல. பச்சை வர்ணம் திட்டுத்திட்டாகப் போயிருக்கிறது. பெயர்த் தகடு இருந்த இடத்தில் இரண்டு ஓட்டைகள். இதைத் தேடிக் கண்டுபிடித்த கதையை அவள் எல்லோரிடமும் சொல்வதில்லை. என்னிடம் சொன்னாள்.

முன்பு அருணகிரி என்பவரின் மெஷினை வாடகைக்கு வைத்திருந்தாள். உழைக்கிற மெஷின்தான். மாடியிலிருந்து தள்ளினாலும் தரைக்குத்தான் சேதம். ஆனால் விசைகள் கல். அதிலும் புள்ளி விசை. தமிழ் மெஷினில் புள்ளி, வலது கைச் சுண்டு விரலுக்கு வருகிறது. இருப்பதில் சின்ன விரல் அது. புள்ளி இல்லாமல் தமிழில் ஒரு வரி ஓடுமா? நாளெல்லாம் அந்த விரல்தான் குத்திக்கொண்டே இருக்க வேண்டும். ஒரு மழைக்காலத்தில் விரல் வீங்கியது. காலையில் டம்ளரைப் பிடிக்க முடியவில்லை. பயந்து பயந்து தட்டியதில் காகிதத்தில் புள்ளிகள் விழாமல் போயின. 'மனுதாரர்' எல்லாம் 'மனுதாரர' ஆனார்கள். ஒரு வக்கீல் தாளைத் திருப்பிக் கொடுத்து, "இன்னாமா, புள்ளிய பூரா நீயே சாப்ட்டுட்டியா?" என்று கேட்டார். அவர் சிரித்துக்கொண்டுதான் கேட்டார். ஆனால் மறுநாள் முதல் அவருடைய வேலை பக்கத்துத் தெரு டைப்பிஸ்ட்டுக்குப் போய்விட்டது.

அருணகிரியிடம் சொன்னபோது, "மெஷின்ல ஒண்ணும் இல்ல. உங் கைலதான் வலு இல்ல" என்றார். பெரியாஸ்பத்திரி டாக்டர், விரலுக்கு ஓய்வு கொடு என்றார். விரலுக்கு ஓய்வென்றால் அடுப்புக்கும் ஓய்வு. சொந்தமாக ஒரு மெஷின் பார்ப்பது என்று புருஷனும் பெண்டாட்டியும் முடிவு செய்தார்கள்.

தேவசகாயத்துக்கு மெஷின் என்றால் ரயில் எஞ்சின் மாதிரி இருக்க வேண்டும். கனம் இல்லாத எதையும் அவர் நம்புவதில்லை. சாராளுக்குக் கேள்வி வேறு: தினமும் சாயங்காலம் வரை அடித்தால் கை என்ன சொல்லும்? பட்டணத்துக் கடை ஒன்றில், பெட்டியோடு கூடிய சின்ன மெஷினைக் காட்டினார்கள். பூ மாதிரி விசை. அவள் வேகம் எடுத்ததும் மெஷின் மேஜையில் மெல்ல நடந்து விளிம்புக்கு வந்துவிட்டது. பாதிப் பக்கம் தாண்டியதும் எழுத்துகள் மேலும் கீழுமாக ஆடின. "ஒரு வரி அடிச்சா போதாதாமா? முழுப் பக்கமா?" என்று கடைக்காரர் முகம் சுளித்தார்.

"ஒரு வரிக்கு எல்லா மெஷினும் நல்லாத்தான் கீது. ஒரு பக்கம் அடிச்சிப் பாக்கணும்" என்று சொல்லிவிட்டு எழுந்துவிட்டாள்.

அப்புறம்தான் சதுரங்கப்பட்டினத்திலிருந்து தகவல் வந்தது. அங்கே கட்டட வேலை முடித்துக் கிளம்பும் ஒரு காண்ட்ராக்டர், ஆபீஸ் சாமான்களை விற்கிறார்; அதில் ஒரு தமிழ் மெஷினும் இருக்கிறது. இருவரும் திருக்கழுக்குன்றம் வழியாக பஸ் ஏறிப் போனார்கள். கடலோரத்தில் பழைய டச்சுக் கோட்டைச் சுவருக்குப் பக்கத்தில் ஒரு தகரக் கொட்டகை. உள்ளே குமாஸ்தா பன்னீர்செல்வம். மெஷினைப் பார்த்ததும் தேவசகாயம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். "சீக்குக் கோயி மாரி கீது. வா, போவலாம்."

சாராள் அதைத் தலைகீழாகப் புரட்டி அடிவயிற்றைத் தடவினாள். விரலில் எண்ணெய் ஒட்டியது. "உப்புக் காத்துமா இது. தெனம் எண்ண வுடலன்னா எப்பவோ துருப்புடிச்சிப் போயிருக்கும்" என்றார் பன்னீர்செல்வம். அவள் உட்கார்ந்து காகிதம் சொருகினாள். கைகள் அசையவில்லை. யாராவது பேசினால்தான் அவளுக்கு விரல் ஓடும். "இன்னாய்யா, எதுனா சொல்லேன்" என்று புருஷனைக் கேட்டாள். தேவசகாயம் தன் பெயரைச் சொன்னார். பிறகு தகப்பனார் பெயரைச் சொன்னார். அதற்கு மேல் அவருக்கு ஒன்றும் வரவில்லை.

வாசலில் மீன் கூடையை இறக்கி வைத்துவிட்டு ஒரு பெண் நின்றிருந்தாள். குப்பம்மா என்று பெயர். குமாஸ்தாவோடு சண்டை போட வந்தவள். "மிசினு அடிக்கிற பொண்ணா நீ? அப்ப நா சொல்றத அடி" என்றாள். "கடலுக்குப் போற வயில ஜல்லியக் கொட்டி வெச்சிட்டு, வேல முடிஞ்சிபோச்சின்னு தகரத்த சுருட்டிகினு பூடறாங்க. கூடய தலல வெச்சிகினு நாங்க கோட்டயச் சுத்திகினு போறோம். எம் மருமவ வச்சலா, மாசமா கீறவ, அந்தக் குமியல் மேல ஏறி வுயுந்தா. கொயந்த பொயச்சிது, எங்க நல்ல காலம். நாளைக்கு இன்னொருத்தி வுயுந்தா?"

சாராளின் விரல்கள் ஓடின. நாலைந்து வரி போன பிறகுதான் பன்னீர்செல்வத்துக்கு விஷயம் புரிந்தது. நாற்காலியை உதைத்துக்கொண்டு எழுந்தார். "நிறுத்துமா! எங்க மெஷின்லயே எங்க மொதலாளி மேல மனுவா? இது விக்கிறதுக்கு இல்ல. எயுந்திரு."

தேவசகாயம் அவள் தோளைத் தொட்டார். "எயுந்துரு சாரா. பேஜாரு வாணாம்."

"அக்கா சொல்லி முடிக்கட்டும்" என்றாள் அவள். கை நிற்கவில்லை.

அந்த நேரத்தில் மனதில் என்ன ஓடியது என்று கேட்டேன். "கை வலிக்கலன்னு அப்பத்தாங்க தெரிஞ்சிது. புள்ளி பஞ்சு மாரி வுயுது. அழுவையே வந்துட்ச்சி. மெஷினு கெடைக்காதுன்னும் தெரிஞ்சிபோச்சி. சரி, அந்த அக்கா மனுவாவது முழுசா ஆவட்டும்னு அடிச்சேன்" என்றாள்.

பக்கம் முடிந்ததும் தாளை உருவிக் குப்பம்மாவிடம் கொடுத்தாள். குப்பம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. நேராகப் போய்ப் பன்னீர்செல்வத்தின் கையில் திணித்தாள். "நீயே படி. பொய் கீதான்னு பாரு."

அவர் நின்றபடியே படித்தார். வச்சலா விழுந்த இடம் வந்ததும், "அன்னிக்கு அந்தப் பொண்ணத் தூக்கினது நானு" என்றார், யாரையும் பார்க்காமல். பிறகு பேனாவை எடுத்தார். கிழிக்கப் போகிறார் என்று நினைத்திருந்த தேவசகாயம் ஓரடி முன்னால் வந்துவிட்டார். பன்னீர்செல்வம் முதல் வரியிலிருந்த கொட்டகை விலாசத்தைச் சுழித்தார். "இந்த விலாசத்துக்கு எழுதுனா காயிதம் இங்கியேதான் கெடக்கும். மொதலாளி இப்ப பட்டணத்துல இருக்காரு. அந்த விலாசம் போடு. கார்பன் வெச்சி கலெக்டராபீசுக்கும் ஒண்ணு அடி."

சாராள் மறுபடி அடித்தாள். குப்பம்மா கைநாட்டு வைத்தாள். விலை பேசி முடிந்ததும் பன்னீர்செல்வமே மெஷினைச் சாக்கில் சுற்றிக் கட்டினார். "மொதல்ல எடுத்துகினு போங்க. இது இங்க இருந்தா இன்னும் எத்தினி மனு கெளம்புமோ!"

சீக்குக் கோழியைத் தோளில் வைத்து பஸ் நிற்கும் இடம் வரை சுமந்தவர் தேவசகாயம். அடுத்த மழைக்கு முன் ஜல்லி லாரி லாரியாக அள்ளப்பட்டது. குப்பம்மா செங்கல்பட்டுப் பக்கம் வந்தால் ஒரு பிடி நெத்திலிக் கருவாட்டை மேஜையில் வைத்துவிட்டுப் போகிறாள். சுண்டு விரல் வீக்கம் வடிந்துவிட்டது. மார்கழிக் குளிரில் மட்டும் கொஞ்சம் முறைக்கும். புள்ளி சிந்தாத மனுக்களைக் கண்டு பழைய வக்கீலும் திரும்பி வந்துவிட்டார்.

கதையை முடித்தபோது நானும் சாராளும் எதிர்ப்புற டீக்கடை பெஞ்சில் இருந்தோம். ட்யூட்டி முடிந்து காக்கி உடையோடு தேவசகாயம் தாழ்வாரத்துக்கு வந்தார். மனைவியைக் காணோம். இந்தப் பக்கம் அந்தப் பக்கம் பார்த்தார். அவளுடைய நாற்காலியில் உட்கார்ந்தார். ஒரு துண்டுத் தாளைச் சொருகினார். ஆட்காட்டி விரலை நீட்டி, எழுத்தைத் தேடித் தேடி, ஒவ்வொன்றாகத் தட்ட ஆரம்பித்தார்.

சாராள் பார்த்துவிட்டாள். பெஞ்சில் சத்தமில்லாமல் திரும்பி, தெருவுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டாள். "அண்ணாத்த, இன்னொரு டீ போடு. மெதுவா போடு" என்றாள்.