ராகுகாலம் முடியட்டும்

லண்டனுக்குப் போகும் மாலை விமானத்துக்கு உணவுத் தட்டு அடுக்குவது என் வேலை. கனடாவின் டோர்வலில், விமான நிலையத்தை ஒட்டிய சமையற்கூடத்தில் பல வருடமாக இதைத்தான் செய்கிறேன். கோழியா மரக்கறியா, பாண் வைத்தாயிற்றா, வெண்ணெய் வைத்தாயிற்றா என்று பார்த்து மூடி அனுப்பினால், அன்றிரவே அது என் தம்பி இருக்கிற ஊருக்கு மேலே யாருடைய வயிற்றிலோ இருக்கும். அந்தப் பாண் துண்டுக்குக் கிடைத்த பாக்கியம் எனக்கில்லை என்று பக்கத்தில் நின்று வேலை செய்யும் ஹெய்ட்டிக்காரியிடம் ஒருநாள் சொன்னேன். அவள் பிரெஞ்சில் ஏதோ சொல்லிச் சிரித்தாள். பகிடிக்குத்தான் சொன்னேன் என்று நினைத்திருப்பாள்.

நான் நினைத்தால் போகலாம். என்னிடம் கனடாக் கடவுச்சீட்டு இருக்கிறது. இப்போது இங்கிலாந்துக்குப் போவதென்றால் முன்கூட்டியே ஓர் அனுமதி எடுக்க வேண்டும் என்று புதிதாகக் கொண்டுவந்திருக்கிறார்கள். அதைக்கூட நான் ஒரு தேத்தண்ணி குடித்து முடிப்பதற்குள் என் மகள் தொலைபேசியிலேயே எடுத்துத் தந்துவிட்டாள். அந்த நாட்டுக்குள் நான் நுழைவது அவ்வளவு சுகம். தம்பியின் மனைவியும் மகளும் நுழைவதுதான் பெரும்பாடு. அவர்கள் மூன்று பேரும் ஒரு வீட்டில் சேர்ந்த பிறகுதான் நான் அந்த வீட்டுக்குப் போவேன் என்று எனக்கு ஒரு பிடிவாதம்.

தம்பி யாழ்ப்பாணத்திலிருந்து வெளிக்கிட்டு எட்டு வருடத்துக்கு மேலாகிறது. ஏன் வெளிக்கிட்டான் என்பதை இங்கே எழுதப் போவதில்லை. போர் முடிந்த பிறகும் சிலருக்கு முடியவில்லை, அவ்வளவுதான். கலியாணம் முடித்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. அவன் மனைவியின் வயிற்றில் பிள்ளை. எனக்கு அவள் மச்சாள், அவளுக்கு நான் மச்சாள். போய்ச் சேர்ந்ததும் அகதி வழக்குப் போட்டான், மறுத்தார்கள். மேன்முறையீடு செய்தான், அதையும் மறுத்தார்கள். புதிதாக ஆதாரம் தேடி மறுபடி போட்டான். பிள்ளை பிறந்து, தவழ்ந்து, பள்ளிக்கூடம் போகத் தொடங்கியதெல்லாம் இந்த இடைவெளியில்.

அந்தக் காலத்தில் ஒரேயொரு தடவை அவனைப் போய்ப் பார்த்தேன். பிடிவாதம் அதற்குப் பிறகு வந்ததுதான். லண்டனிலிருந்து வெகுதூரத்தில், அரசாங்கம் கொடுத்த வீட்டில், வேறு வேறு நாட்டுக்காரர் நாலு பேருடன் இருந்தான். வேலை செய்ய அனுமதி இல்லை. எனக்குச் சோறு போட்டுத் தந்துவிட்டுத் தன் தட்டை எடுத்துக்கொண்டு வந்து அமர்ந்தான். பால்மாப் பேணியில் தொலைபேசியைச் சாய்த்து வைத்தான். திரையில் மச்சாளும் தட்டோடு இருந்தாள். அங்கே அவளுக்கு இரவுச் சாப்பாடு, இவனுக்கு மத்தியானச் சாப்பாடு. “உப்புக் கூடிப்போச்சு” என்று இவன் சொன்னான். “எங்கட வீட்டிலயும்தான்” என்று அவள் சொன்னாள். நான் உறைப்பு என்று பொய் சொல்லிவிட்டு எழுந்து போய்த் தண்ணீர் குடித்தேன்.

பிள்ளைக்கு அப்பாவை நெஞ்சுக்கு மேலேதான் தெரியும். ஒருநாள் என்னோடு கதைத்துக்கொண்டிருந்தபோது, அப்பா எவ்வளவு உயரம் மாமி என்று கேட்டாள். உன் வீட்டுக் கதவு நிலையில் தலை இடிக்கும் என்றேன். அவள் ஓடிப்போய் நிலையைப் பார்த்துவிட்டு வந்து, அப்படியென்றால் குனிந்து வரச் சொல்லுங்கோ என்றாள்.

போன வருடம் ஆடி மாதம் அவனுக்கு அகதி அந்தஸ்துக் கிடைத்தது. இப்படி அந்தஸ்துக் கிடைத்தவர்கள் நாட்டை விட்டு வருமுன் கட்டிய மனைவியையும் சின்னப் பிள்ளைகளையும் கூப்பிட அங்கே ஒரு வழி இருந்தது. சம்பளம் எவ்வளவு என்று கேட்கமாட்டார்கள், மனைவிக்கு ஆங்கிலப் பரீட்சை கிடையாது, விண்ணப்பத்துக்குக் காசும் இல்லை. எட்டு வருடம் அவன் கண்டதற்கு அது ஒன்றுதான் பலன். அன்று நான் வேலையிலிருந்து வரும் வழியில் பார்க் எக்ஸ்டென்ஷனில் இறங்கி, கடையிலிருந்த லட்டு எல்லாவற்றையும் வாங்கினேன். மறுநாள் ஹெய்ட்டிக்காரிக்கும் கொடுத்தேன்.

அன்றைக்கே விண்ணப்பத்தைத் தொடங்கியிருக்கலாம். ஆனால் நாங்கள் யாழ்ப்பாணத்துச் சனம். ஆடியில் ஒன்றையும் தொடங்கமாட்டோம். ஆடி போனால் நல்லூர்த் திருவிழா. தேரன்று அடியழிப்பதாக மச்சாளுக்கு நேர்த்தி இருந்தது. நேர்த்தியை வைத்துக்கொண்டு கப்பல் ஏறினால் நடுக்கடலில் நிற்க வேண்டி வரும் என்று அவளின் தாய் சொன்னா. இந்தக் காலத்தில் யார் கப்பலில் போகிறார்கள் என்று நான் கேட்கவில்லை. கேட்டாலும் எடுபட்டிருக்காது. தேர் முடிந்தது. மச்சாள் வெந்த மணலில் வீதி முழுக்க விழுந்து கும்பிட்டு, முழங்காலில் தோலுரிந்த படத்தை எனக்கு அனுப்பினாள். முகத்தில் அப்படியொரு சிரிப்பு.

செப்டம்பர் தொடக்கத்தில் ஒரு திங்கட்கிழமை, இந்த வழியை நிறுத்திவைக்கப் போகிறோம் என்று இங்கிலாந்துப் பாராளுமன்றத்தில் அறிவித்தார்கள். இந்தக் கிழமைக்குள் என்றார்கள். எந்த நாள், எத்தனை மணி என்று எங்களுக்குத் தெரியாது. தம்பிக்கு உயிர் கையில் இல்லை. வழக்கறிஞர் கடதாசிகளைப் பார்த்துச் சரியென்றார், வீட்டிலிருந்தே கணினியில் அனுப்பலாம் என்றார். பிள்ளையின் பிறப்புச் சான்றிதழின் ஆங்கில மொழிபெயர்ப்பு மட்டும் யாழ்ப்பாணத்திலிருந்து வரவேண்டியிருந்தது. அது வியாழன் காலை வந்தது. அந்தஸ்துக் கிடைத்ததும் லண்டனுக்கு வந்து கடையொன்றில் வேலை பிடித்திருந்த தம்பி, லீவு சொல்லிவிட்டு இருந்து எல்லாவற்றையும் ஏற்றி முடித்தபோது மத்தியானம் ஒன்றரை தாண்டிவிட்டது. கடைசிப் பொத்தானை அமத்துவதுதான் பாக்கி. மச்சாள் தொலைபேசியில் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வியாழக்கிழமை ராகுகாலம் ஒன்றரையிலிருந்து மூன்று மணிவரை. தமிழ்க் கலண்டர் தொங்குகிற எல்லா வீட்டுக்கும் இது தெரியும். தம்பி வாதாடிப் பார்த்தான். அங்கே பொழுதுபட்டுவிட்டது, உங்கள் ராகுகாலம் எப்போதோ போய்விட்டது என்றான். பொத்தானை அமத்துகிற இடம் லண்டன்தானே, லண்டன் நேரத்தைத்தான் பார்க்கவேண்டும் என்றாள் அவள். பிறகு, “எட்டு வருசம் பொறுத்தனாங்கள். இன்னும் கொஞ்ச நேரம் பொறுக்கேலாதோ?” என்று கேட்டாள்.

அவன் போய்ப் புட்டு அவித்தான். மூன்று மணியானதும் சாமிப் படத்துக்கு விளக்கேற்றினான். கடிகாரம் முந்தப்பிந்த இருக்கலாம் என்று இன்னும் ஐந்து நிமிடம் விட்டு வந்து பொத்தானை அமத்தினான்.

லண்டனில் மூன்று மணியென்றால் எங்களுக்குக் காலை பத்து. வேலையிடத்தில் தொலைபேசியைப் பெட்டகத்தில் வைத்துப் பூட்டவேண்டும், பத்து மணி இடைவேளையில்தான் எடுக்கலாம். எடுத்தபோது அடித்துக்கொண்டிருந்தது.

“அக்கா, பூட்டிப் போட்டாங்கள்” என்றான்.

எப்போது என்று கேட்டேன்.

“மூண்டு மணிக்கு. சரியா மூண்டு மணிக்கு.”

எனக்கு முதலில் வந்தது சிரிப்பு. கடவுளே, அப்படியொரு கெட்ட சிரிப்பு. தலையில் வலைத்தொப்பியோடு, பெட்டக வரிசைக்கு முன்னால் நின்று சிரித்தேன். அது எந்த இடத்தில் அழுகையாக மாறியது என்று தெரியாது. ஹெய்ட்டிக்காரி வந்து என்னைப் பிடித்து வாங்கில் இருத்தினாள். அந்த அரசாங்கத்தைத் திட்டினேன், ராகுவைத் திட்டினேன், கலண்டர் அச்சடித்தவனையும் விடவில்லை. மச்சாளைத் திட்ட மட்டும் எனக்கு வாய் வரவில்லை. வீடு வாங்கிக் கையெழுத்துப் போடப்போன அன்று, ராகுகாலம் கழியட்டும் என்று கியூபெக் நொத்தாரிசைக் காக்கவைத்தவள் நான். எனக்கு அந்த மனுசன் கதவைப் பூட்டவில்லை, கோப்பி ஊற்றித் தந்தான். அவளுக்கும் எனக்கும் உள்ள வித்தியாசம் அவ்வளவுதான்.

அன்று பின்னேரம் தம்பி திரும்ப எடுத்தான். குரல் தெளிந்திருந்தது. “காலமையே பூட்டிட்டாங்கள் எண்டுதான் அவளுக்குச் சொல்லியிருக்கிறன் அக்கா. கேட்டால் நீங்களும் அப்பிடியே சொல்லுங்கோ” என்றான். காலையிலேயே பூட்டியதென்றால் அவள் பார்த்த ராகுகாலத்தின் மேல் பழி விழாது. நான் சம்மதித்தேன்.

நிறுத்தம் தற்காலிகமானது என்றார்கள். அந்தத் தற்காலிகம் இன்னும் முடியவில்லை. திறந்தாலும் பழையபடி இருக்காதாம். இனி வருகிற அகதிகளுக்கு இரண்டரை வருடத்துக்கொருமுறை வழக்கைத் திரும்பப் பார்ப்பார்களாம், நிரந்தர வதிவிடத்துக்கு இருபது வருடமாம். மகள் ஆங்கிலத்தில் வாசித்து எனக்குத் தமிழில் சொல்வாள். அவளின் தமிழில் இருபது வருடம் என்பது ஏதோ இருபது ரூபாய் மாதிரிக் கேட்கும். மனைவியைக் கூப்பிட இப்போதைக்கு இருக்கிற மற்ற வழிக்குத் தம்பியின் கடைச் சம்பளம் போதாது. இரண்டாவது வேலையொன்று பிடித்திருக்கிறான். மச்சாள் ஆங்கில வகுப்புக்குப் போகிறாள்.

மாரியில், வெளியே பனி முழங்காலுக்குக் கிடந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளோடு கதைத்தேன். ஆங்கில வகுப்பைப் பற்றிக் கேட்டேன், பிள்ளையின் தடிமனைப் பற்றிக் கேட்டேன். பேச்சோடு பேச்சாக, அண்டைக்குக் காலமையே பூட்டாமல் விட்டிருந்தால் இப்போது நீங்கள் லண்டனில் இருப்பீர்கள் என்று சொல்லிவைத்தேன். தம்பியின் பொய்க்கு நானும் ஒரு முண்டு கொடுப்போம் என்றுதான்.

அதற்கு அவள், பக்கத்து ஒழுங்கையில் ஒருத்தி இருக்கிறாள் மச்சாள், அவளின் மனுசனும் லண்டனில்தான் என்றாள். அதே வியாழக்கிழமை, லண்டன் நேரம் மத்தியானம் இரண்டு மணிக்கு அவர் விண்ணப்பத்தை அனுப்பியிருக்கிறார். எடுபட்டுவிட்டது. விசா வந்து, போன மாதம் அவள் பிள்ளைகளோடு வெளிக்கிட்டுப் போய்விட்டாள். வழியனுப்ப இவளும் போயிருக்கிறாள்.

“எனக்கு அண்டைக்கே தெரியும் மச்சாள். நான்தானே பொறுங்கோ எண்டனான்” என்றாள். “இவருக்குச் சொல்லிப் போடாதேங்கோ. எனக்குத் தெரியாதெண்டு நினைச்சால்தான் அந்தாள் நித்திரை கொள்ளும்.”

நான் ஓம் என்றேன்.

அன்று தொடக்கம் இரண்டு பேருடைய பொய்யும் என்னிடம் இருக்கிறது. அவன் அவளுக்காகச் சொன்னதை அவள் அவனுக்காக நம்புகிறாள். வாரம் தவறாமல் இரண்டு பேரும் என்னோடு கதைக்கிறார்கள், ஒருவரையொருவர் பற்றி நல்லதாகவே சொல்கிறார்கள். தம்பி புத்தகம் வாசிக்கிறவன் இல்லை, அந்தத் தைரியத்தில்தான் இதை எழுதுகிறேன்.

புருசன் பெண்சாதிக்குள் இவ்வளவு மரியாதை கூடாது. அது தூரத்தில் இருப்பவர்கள் பழகுகிற பழக்கம். எனக்கு அவர்களை ஒரு கூரைக்குக் கீழே பார்க்கவேண்டும். குசினிக்குள் சட்டியைப் போட்டு உடைத்து, உன்னால்தானே எல்லாம் பிந்தினது என்று அவன் கத்தவேண்டும். ஏன், உங்களுக்கு விரல் இல்லையோ, அமத்தியிருக்கலாமே என்று அவள் திருப்பிக் கத்தவேண்டும். பிள்ளை பயந்து அடுத்த அறைக்கு ஓடிவரும். அந்த அறையில் நான் இருக்கவேண்டும்.