ஆட்களுக்கு நீலம்

நான் வேலை பார்க்கும் தெருவில் யாருக்கும் முகம் கிடையாது. ஏதோ ஒரு தேசத்தில் போகும் காரின் கூரையிலிருந்து லேசரைச் சுழற்றி வீசுகிறார்கள். அது பட்டுத் திரும்பும் இடமெல்லாம் ஒரு புள்ளி. மரம், வண்டி, மனிதர் எல்லாம் புள்ளிதான். கறுப்புத் திரையில் மிதக்கும் அந்தத் தெருவில் சத்தமில்லை, வெயிலில்லை. தர்மபுரியில் ஒரு மாடியறையில் உட்கார்ந்தபடி நாள் முழுக்க அதற்குள் நடந்துகொண்டிருப்பேன். சன்னலில் வத்தல்மலை தெரியும். சில மதியங்களில் அதுவும் புள்ளி புள்ளியாகக் கலைந்துவிடும் போலிருக்கும்.

கணினியே முதலில் வண்ணம் பூசி அனுப்பும்: மனிதருக்குச் சிவப்பு, மரத்துக்குப் பச்சை. வண்ணத்தைப் பார்த்து ஒவ்வொன்றையும் சுற்றிப் பெட்டி வரைவது எங்கள் வேலை. இதை வைத்துத்தான் தானாக ஓடும் கார்கள் ஆளையும் மரத்தையும் பிரித்தறியப் பழகுமாம். நான் வரைந்த லட்சணத்தைப் பார்த்துப் பழகினால் உருப்பட்ட மாதிரிதான்.

என் வேலையைச் சரிபார்க்கும் அக்கா அரூர்க்காரர். பொறுமைசாலி, அந்தப் பொறுமையும் தீர்ந்துகொண்டிருந்தது.

"மரத்தடியில நிக்கிற ஆளு எல்லாருக்கும் தெரியுது, உனக்கு மட்டும் ஏம்பா தெரியமாட்டேங்குது? நீ போட்டது தப்புன்னு இன்னொரு தடவ திரும்பி வந்துச்சுன்னா உன்ன வச்சிக்க முடியாதுன்னு மேல சொல்லிட்டாங்க."

காரணம் எனக்குத் தெரியும். சொல்லத்தான் வாய் வரவில்லை. சிவப்பும் பச்சையும் எனக்கு ஒரே மண் நிறம்.

பாலக்கோட்டுப் பக்கம் தக்காளி போடும் வீட்டில் இப்படி ஒரு கண்ணோடு பிறந்து தொலைத்தேன். ஏழாவது படிக்கும்போது ஒருநாள் அப்பா பழம் பறிக்கச் சொன்னார். கூடை நிறையப் பறித்து வந்து பெருமையாக வைத்தேன். பாதிக்கு மேல் காய். "கண்ணு என்ன பொடனியிலயா இருக்குது? தோட்டத்துக்குக் கூப்பிட்டேன்னு வேணும்னே பண்றான்" என்று, பறிக்க வந்த பெண்கள் எல்லார் முன்னாலும் அறைந்தார். அதன் பிறகு ஒவ்வொன்றையும் அமுக்கிப் பார்த்துப் பறித்தேன். "அமுக்காதடா, நசுங்குது" என்று அதற்கும் திட்டு. கல்லூரியில் நடந்த கண் முகாமில்தான் எனக்கே விஷயம் தெரிந்தது. வீட்டில் சொல்லவில்லை. வீம்பு எனக்குக் கொஞ்சம் அதிகம்.

அக்கா போன பிறகு, பயத்தில் கை சும்மா இருக்காமல் டிஸ்ப்ளே செட்டிங்ஸைத் திறந்தேன். புள்ளியின் அளவைக் கூட்டினேன். தெரு முழுக்கக் கேழ்வரகைக் கொட்டினாற்போல் ஆனது. குறைத்தேன், தெருவே பனியாகக் கரைந்தது. பின்னணியைச் சாம்பலாக்கினேன். அதற்கும் கீழே வண்ணங்களின் பட்டியல் இருந்தது. மனிதருக்கு எதிரே இருந்த சின்னக் கட்டத்தைத் தொட்டு நீலமாக்கினேன். மரத்துக்கு மஞ்சள்.

மரத்தடியில் மூன்று பேர் நின்றிருந்தார்கள். ஒருவர் தோளில் குழந்தை. இவ்வளவு நேரமும் அங்கேயேதான் நின்றிருக்கிறார்கள். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அழுதுவிட்டேன்.

ஒரு வாரம் எதுவும் திரும்பி வரவில்லை. அக்காவே வந்து என் பின்னால் நின்றார்.

"என்னப்பா, ஆளுக்கெல்லாம் நீலத்தப் பூசி வச்சிருக்க? எல்லாரும் கிருஷ்ணர் வேஷமா?"

சொல்லிவிட்டேன். அக்கா குனிந்து திரையைப் பார்த்தார்.

"இத முன்னாடியே சொல்றதுக்கு என்ன? உனக்கு எந்தக் கலர் தெரியுதோ அதயே வச்சிக்க. பொட்டி சரியா வந்தாப் போதும்."

இவ்வளவுதானா என்று இருந்தது. அந்தத் துணிச்சலில் அன்று சாயங்காலம் வீட்டிலும் சொன்னேன். வாசலில் தக்காளியைத் தரம் பிரித்துக்கொண்டிருந்த அப்பா நம்பவில்லை. கைக்கு ஒன்றாக இரண்டை எடுத்து நீட்டினார்.

"இதுல எது பழம், எது காயி?"

"தெரியலீங்கப்பா. அமுக்கிப் பாத்தாத்தான் தெரியும்."

நீட்டிய கை அப்படியே நின்றது.

"அப்ப அன்னைக்கு நீ வேணும்னு பண்ணலியா?"

"இல்லீங்கப்பா."

அப்பா கையிலிருந்த இரண்டையும் கீழே வைத்தார். பிறகு தள்ளி உட்கார்ந்து இடம் கொடுத்தார். ஒரு கூடையை என் பக்கம் நகர்த்தினார்.

"அமுக்கிப் பாத்தே பிரி. நசுங்குனா நசுங்கிட்டுப் போவுது" என்றார்.