ஒரே குவளையில் நின்ற பிரஷ்கள்

நான் இளைய மருமகளாக அந்த வீட்டுக்குப் போன மறுநாள் காலை, குழாயடியில் வாயைப் பொத்திக்கொண்டு நின்றேன். பல் பிரஷ் கொண்டுவர மறந்திருந்தேன். கேட்க வெட்கம். மூத்த மருமகள் என்னை ஒன்றும் கேட்கவில்லை. தையல் பையிலிருந்து ஒரு புது பிரஷ்ஷை எடுத்து என் கையில் அழுத்திவிட்டு, "ஐயோ, பால் பொங்குது" என்று உள்ளே ஓடிவிட்டார். அன்றிலிருந்து அவர் எனக்கு அக்கா.

முன்னறை ஜன்னலோரம் அக்காவின் தையல் மெஷின். ஊசியை உதட்டில் கவ்விக்கொள்வார், நூலைப் பல்லால் கடித்து அறுப்பார். அறுத்து அறுத்து முன்பல்லில் சின்னப் பள்ளமே விழுந்திருந்தது. "கத்தரியத் தேடுற நேரத்துல ரெண்டு பட்டன் தைச்சிடலாம்" என்பார்.

சின்ன வயதில் வந்த காய்ச்சலில் அவருடைய இதய வால்வு பழுதாகியிருந்தது. ஈறில் ரத்தம் கசிய ஆரம்பித்ததும் இதய டாக்டரே பல் டாக்டரிடம் அனுப்பினார். ஈறு புண்ணாக இருந்தால் வாய்க்கிருமி ரத்தத்தில் கலந்து வால்வில் ஒட்டிக்கொள்ளும், உங்களுக்கு அது உயிருக்கே ஆபத்து என்றார் பல் டாக்டர். அந்த முன்பல்லும் பக்கத்துப் பல்லும் கெட்டுவிட்டன, பிடுங்கியாக வேண்டும். பிரஷ்ஷையும் தனியாக வைத்துக்கொள்ளுங்கள் என்றார்.

கடைசியில் சொன்னதுதான் வீட்டில் பற்றிக்கொண்டது.

எங்கள் மாமியாருக்கு ஒரு பெருமை உண்டு. குடும்பம் உடையவில்லை என்பதற்கு அடையாளமாக எல்லார் பிரஷ்ஷும் ஒரே குவளையில் நிற்க வேண்டும். வந்தவர்களுக்குக் காட்டவும் காட்டுவார். குவளையின் அடியில் வெள்ளையாக, வழவழவென்று ஏதோ படிந்திருக்கும். தொட்டி தேய்க்கிற பழைய பிரஷ்ஷும் அதற்குள்தான் இடித்துக்கொண்டு நிற்கும்.

அக்கா தன் பிரஷ்ஷை ஒரு டம்ளரில் போட்டுச் சமையலறை ஜன்னலில் வைத்தார்.

"எங்க வாயில என்ன சாக்கடையா ஓடுது?" என்றார் மாமியார். "இன்னிக்கு பிரஷ், நாளைக்கு அடுப்பு. அப்படித்தானே, டாக்டரம்மா?"

"இல்லத்தே, என் ஈறுதான் சரியில்ல."

மறுநாள் பிரஷ் குவளைக்கே திரும்பியிருந்தது. அக்கா எடுத்து வைப்பார். மாமியார் திரும்பவும் கொண்டுபோய்ப் போடுவார். ஒருநாள் காலை, அக்கா பல் தேய்க்கும் முன்பே அது ஈரமாக இருந்தது. தன் பிரஷ் தேய்ந்துவிட்டதென்று அக்காவின் வீட்டுக்காரர் இதை எடுத்துத் தேய்த்திருக்கிறார்.

"பொண்டாட்டி பிரஷ்தானே? பக்கத்து வீட்டுக்காரி பிரஷ்ஷையா எடுத்தேன்?"

எல்லாரும் சிரித்தார்கள். அக்காவும் சிரித்தார். வேறு என்ன செய்வார்?

பல் பிடுங்கப் போகவேண்டிய நாள் வந்தது. நாத்தனார் கல்யாணமும் நெருங்கியிருந்தது.

"பொக்கை வாயோட மூத்த மருமக போட்டோவுல நின்னா சம்பந்தி வீட்டுல என்ன நினைப்பாங்க? கல்யாணம் முடியட்டும்" என்றார் மாமியார்.

"அத்தே, டாக்டர் உயிருக்கு ஆபத்துன்னு சொல்லியிருக்காரு" என்றேன்.

"பல்லு வலியில செத்தவ எவடி இருக்கா?"

கல்யாணத் துணியெல்லாம் அக்காதான் தைத்துக் கொடுத்தார், நூலை அதே பல்லால் கடித்து. அந்தப் போட்டோ இன்னும் முன்னறைச் சுவரில் இருக்கிறது. அதில் அக்கா வாயை இறுக மூடிக்கொண்டுதான் நிற்கிறார்.

கல்யாணம் முடிந்த கையோடு காய்ச்சல் வந்தது, இறங்கவேயில்லை. வால்வில் கிருமி பிடித்துவிட்டது, பல்லை முன்பே கவனித்திருக்கக் கூடாதா என்று ஆஸ்பத்திரியில் கேட்டார்கள். அக்கா அங்கிருந்து திரும்பவில்லை. எல்லாம் கடவுள் சித்தம் என்று மாமியார் மார்பில் அடித்துக்கொண்டு அழுதார். நானும் கடவுளைக் கும்பிடாமல் ஒரு வாய் தண்ணீர் குடிக்காதவள்தான். ஆனால் பல் டாக்டரிடம் போகும் நாளைத் தள்ளிப்போட்டது கடவுள் இல்லை. அந்தப் பழியைக் கடவுள் தலையில் போட எனக்கு மனம் வரவில்லை.

ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிய காலை, வண்டியில் ஏற்றும்போது அக்கா என்னைக் கிட்டே வரச்சொல்லிக் கையசைத்தார். உதடெல்லாம் வெடித்திருந்தது. மனதில் கிடந்ததையெல்லாம் கொட்டப்போகிறார் என்று குனிந்தேன்.

"குவளையில என் பிரஷ் இருக்கு. தூக்கிப் போட்டுடும்மா. நான் வர்றதுக்குள்ள அவரு எடுத்துத் தேய்ச்சிடப் போறாரு."