தங்கத் தாத்தாவின் குழி

எங்கள் கொள்ளுத் தாத்தா ஆஸ்திரேலியாவில் தங்கம் தோண்டியவர் என்று தாம்பரத்தில் பள்ளிக்கூடம் முழுக்கப் பீற்றி வைத்திருந்தேன். பரங்கிமலைப் பட்டாளத்துக்கு அங்கிருந்து கப்பலில் வந்திறங்கிய குதிரைகளைப் பார்த்துக்கொண்டவர், ஒருநாள் அதே கப்பலில் ஏறிப் போய்விட்டாராம். அங்கே குடிதண்ணீருக்குத் தங்கத்தூள் கொடுப்பார்களாம். சுரங்கத்துக்குள் செத்தவர்கள் சுத்தியலால் தட்டும் சத்தம் கேட்குமாம். ஊர் திரும்பும் வழியில் காய்ச்சல் கண்டு, மூடிய பெட்டியாகத்தான் வந்து சேர்ந்தாராம். அவருடைய மகனான என் தாத்தா, வருஷாவருஷம் கல்லறைத் திருநாளுக்கு முன் அந்தக் கல்லறைக்குச் சுண்ணாம்பு அடித்துக்கொண்டே சொன்ன கதை இது.

முடிவில் ஒன்று சொல்வார். "அவரு அங்க தோண்டித் தோண்டி அலுத்துப் போனவரு. இங்கயாவது அவர யாரும் தோண்ட வேணாம். என்னை வேற எடத்துல வைங்க."

உள்ளே தங்கம் இருக்கிறது, அதனால்தான் கிழவர் யாரையும் அண்ட விடுவதில்லை என்பது சித்தப்பாவின் கண்டுபிடிப்பு. நானும் அதை அப்படியே நம்பினேன்.

நான் ஐந்தாம் வகுப்பில் இருந்தபோது தாத்தா இறந்தார். கல்லறைத் தோட்டத்தில் புது இடமில்லை, குடும்பக் குழியைத் திறந்து, பழைய எலும்புகளைத் துணியில் கட்டி ஓரமாக வைத்துவிட்டு அதிலேயே அடக்கம் செய்யுங்கள் என்றார் பங்குச் சாமியார். எல்லாரும் செய்வதுதான். அப்பா அரை மனதோடு சம்மதித்தார். சித்தப்பாவுக்கு முழு மனது.

இடுப்பளவு ஆழத்தில் குழி வெட்டுகிறவர் நிமிர்ந்தார். "சார், எலும்பு ஒண்ணுங்கூட இல்ல. தகரப் பொட்டிதான் கீது."

அப்பாவுக்கு முகத்தில் ரத்தமே இல்லை. சித்தப்பா குழிக்குள் குதித்தேவிட்டார்.

பெட்டியில் மெழுகுத்துணி சுற்றிய ஒரு போட்டோ. பாதி பூஞ்சை தின்றிருந்தும், அதில் தொப்பி போட்டிருந்தவருக்கு அச்சு அசல் தாத்தாவின் மூக்கு. பக்கத்தில் ஒரு வெள்ளைக்காரப் பெண், மடியில் கைக்குழந்தை. அடியில் ஒரு சிலேட்டு. ஆணியால் கீறிய கோணல் எழுத்தைச் சித்தப்பா உரக்கப் படிக்க ஆரம்பித்தார். முடிக்கும்போது குரல் உள்ளே போய்விட்டது.

"அப்பா நீ சாகவில்லை. யாரிடமும் சொல்ல மாட்டேன்."

ஓடிப்போனவன் பெண்டாட்டி என்ற பேச்சுக்குப் பயந்து தாத்தாவின் அம்மா வெறும் பெட்டியைப் புதைத்துச் செய்த ஏற்பாடு என்று அப்பா மெல்லச் சொன்னார். கல்லில் பொறித்திருந்த வருஷத்தைப் பார்த்து, இதைக் கீறியபோது தாத்தாவுக்கு ஒன்பது வயது என்றார்.

எனக்கு வந்ததோ பொல்லாத கோபம். இத்தனை வருஷமும் இந்தக் கிழவர் புளுகியிருக்கிறாரே, நாளைக்குப் பள்ளிக்கூடத்தில் எந்த முகத்தோடு நிற்பேன்? "அப்ப தங்கம்?" என்று கேட்டேன். அப்பா அன்றைக்குத்தான் முதல்முறையாக என்னை அறைந்தார்.

சிலேட்டைக் கொண்டுபோய்த் தாத்தாவின் கைக்கடியில் வைத்துச் சவப்பெட்டியை மூடினார்கள். நான் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு, பொய்யர், பொய்யர் என்று உள்ளுக்குள் திட்டியபடி நின்றேன். அந்தப் பொய்யைக் காப்பாற்றுவதாக வாக்குக் கொடுத்தவன் என்னைவிட ஒரு வயது சின்னப் பையன் என்பது அன்றைக்கு எனக்கு உறைக்கவில்லை.