எல்லைப் பலகைக்கு இந்தப் பக்கம்

நகரப் போலீஸில் அவரை எல்லோரும் ‘பிரேக்’ என்றே கூப்பிட்டார்கள். அவர் கையைத் தூக்கினால் பிரேக் பிடிக்காத வண்டிகூட நின்றுவிடும் என்பது ஸ்டேஷன் வேடிக்கை. ஊரை ஊடுருவிப் போகும் நெடுஞ்சாலையில், பள்ளிக்கூட வாசலில் அவருக்கு வேலை. கூட நின்றவன் அவருடைய மச்சினன். விடியலில் அவனை எழுப்பி, ஓடவிட்டு, போலீஸ் வேலைக்குத் தயார் செய்தவரே அவர்தான்.

ஒருநாள் பள்ளி விடும் நேரத்தில் ஒரு காலி பஸ் தறிகெட்டு வந்தது. நகராட்சித் தலைவரின் தம்பியுடைய வண்டி. பிரேக் தயங்கினார்.

“ஹைவேயில உனக்கென்ன வேலைன்னு சண்டைக்கு வருவானுங்களே, மாப்ளே.”

“எல்லைப் பலகையைத் தாண்டி வந்துட்டா ஹைவேயும் நம்ம ரோடுதான். நிறுத்துங்க அத்தான், நான் இருக்கேன்ல!”

நிறுத்தினார். வண்டி ஸ்டேஷனுக்குப் போனது.

மறுநாளே புகார் வந்தது. நெடுஞ்சாலையில் நகரப் போலீஸுக்கு அதிகாரம் இல்லை, அதோடு டிரைவரை அடித்தார் என்று. விசாரணை அதிகாரி முதல் பாதியைக் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. “நகராட்சி எல்லைக்குள்ள எந்த ரோடா இருந்தாலும் நம்ம அதிகாரம்தான்.” பிரேக்குக்குப் போன உயிர் திரும்பி வந்தது. “நான் அவனைத் தொடவே இல்லை சார். இவனைக் கேளுங்க” என்று மச்சினனைக் காட்டினார்.

மச்சினன் நிமிர்ந்து பார்க்கவில்லை. “ரெண்டு அறை விட்டார் சார். வேணாம் அத்தான்னு தடுத்தேன். கேக்கல.”

அடிக்காத அடியைவிட, சொல்லாத அந்த ‘வேணாம் அத்தான்’தான் பிரேக்கை அறுத்தது.

பறிமுதல் வண்டிகள் துருப்பிடித்துக் கிடக்கும் கொட்டடிக்கு அவரைக் காவலுக்கு அனுப்பினார்கள்.

“சின்னவன், பயந்துட்டான். விடுங்களேன்” என்றாள் மனைவி.

“பயந்தவன் வாயை மூடிட்டு இருந்திருப்பான். இவன் கூடவே ஜோடிச்சும் சொன்னானே.”

சில மாதம் கழித்து மச்சினன் வீட்டுக்கு வந்தான். உட்காரச் சொல்ல ஆளில்லாமல் கதவருகே நின்றான். “வேலையை விட்டே தூக்கிடுவோம்னு தலைவர் ஆளுங்க மிரட்டினாங்க, அத்தான்.”

சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தவர் ஊசியைக் கீழே வைத்தார்.

“அதை எங்கிட்ட முன்னாடியே சொல்லியிருந்தா, அடிச்சேன்னு நானே ஒத்துக்கிட்டிருப்பேனேடா.”

அவன் செருப்பை மாட்டிக்கொண்டு திரும்பினான். தம்பியை வாசல்வரை கொண்டுவிட மனைவி எழுந்தாள். என்ன நினைத்தாளோ, பாதியிலேயே திரும்பி உள்ளே போய்விட்டாள். ஓய்வு பெறும்வரை பிரேக் அந்தக் கொட்டடியிலேயே இருந்தார்.