காதருகே வாசித்த வகுப்பு

பெங்களூர் ஸ்ரீராம்புரத்தில் நான் வேலை பார்த்த பள்ளியில் எங்கள் இரண்டு பிரிவுகளுக்கும் சேர்த்து ஒரே கூடம். நடுவில் மூன்று இரும்பு பீரோக்களை வரிசையாக நிறுத்தியிருந்தார்கள். அந்தப் பக்கம் கன்னட வழி, நாற்பத்தொரு பிள்ளைகள். இந்தப் பக்கம் தமிழ் வழி, பத்தொன்பது பிள்ளைகள். ஒன்று முதல் நான்கு வரை எல்லா வகுப்புக்கும் நான் ஒருவன்தான். மேலே தகரக் கூரை, அடுத்த சந்தில் வெல்டிங் பட்டறை. பீரோக்கள் ஆளை மறைத்தன, சத்தத்தை மறைக்கவில்லை. அந்தப் பக்கத்தார் வாய்ப்பாடு சொன்னால் எங்கள் பிள்ளைகள் அதற்கு மேல் கத்திப் பாடம் சொல்வார்கள். அதற்கு மேல் நான் கத்துவேன். பாடம் நடந்தது என்பதற்கு அந்தச் சத்தமே சாட்சி என்று எல்லோரும் நினைத்தோம்.

தசரா விடுமுறை முடிந்து வந்த வாரம் என் குரல் உடைந்தது. மிளகு, கற்கண்டு, வெந்நீர், எதிலும் அடங்கவில்லை. காது மூக்கு தொண்டை மருத்துவர் குழாய் விட்டுப் பார்த்தார். குரல் நாணில் இரண்டு வீக்கம். ஆறு வாரம் வாயே திறக்கக் கூடாது, இல்லையென்றால் கத்தி வைக்க வேண்டியிருக்கும் என்றார். மெதுவாகப் பேசலாமா என்று நான் சைகையில் கேட்டேன். "குசுகுசுன்னு பேசறதும் கூடாது. அது இன்னும் கெடுதல்," என்றார்.

விடுப்பு எழுதிக் கொடுத்திருந்தால் என் தொண்டைக்கு நல்லது. தலைமை ஆசிரியை நல்ல மனுஷி, நிலைமையை மறைக்காமல் சொன்னார். தமிழ் தெரிந்த மாற்று ஆசிரியர் கிடைக்க மாட்டார். நான் வராவிட்டால் பத்தொன்பது பேரையும் பீரோவுக்கு அந்தப் பக்கம் உட்கார வைக்க வேண்டும், தற்காலிகமாக. என் சர்வீஸில் நான்கு இடங்களில் இப்படித் தற்காலிகமாக மாற்றியதைப் பார்த்திருக்கிறேன். ஓர் இடத்திலும் பிரிவு திரும்பி வரவில்லை.

கன்னடத்தின் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. எங்கள் பிள்ளைகள் தெருவில் என்னைவிட நன்றாகக் கன்னடம் பேசுவார்கள். ஆனால் ஒன்றாம் வகுப்பில் இருந்த ஆறு பேர் அப்போதுதான் எழுத்துக் கூட்ட ஆரம்பித்திருந்தார்கள். அதை நடு வருஷத்தில் நிறுத்தி வேறு எழுத்தில் முதலிலிருந்து தொடங்கினால் இரண்டும் அரைகுறையாகும். விடிவதற்கு முன்பே தெருக்கூட்டப் போகிற பெற்றோர்கள் யாரிடம் போய்க் கேட்பார்கள்? வாயில்லாமலே வருவது என்று முடிவு செய்தேன். வீட்டில் வாயை மூடாதவர் பள்ளிக்கூடத்தில் எப்படி மூடுவீர்கள் என்று என் மனைவி கேட்டாள். பதில் சொல்ல முடியாமல் போனது அவளுக்குத் திருப்தி.

முதல் நாள் கரும்பலகையில், "சாருக்குத் தொண்டை சரியில்லை. பேச மாட்டார்," என்று எழுதினேன். நான்காம் வகுப்பில் ஒரு பெண் இருந்தாள். ஒல்லி, கண்டிப்பானவள், வகுப்புக்கு என்னைவிட அவளிடம்தான் பயம். அவள் அதைச் சிறியவர்களுக்கு வாசித்துக் காட்டிவிட்டுத் தானாகவே ஒரு சட்டமும் போட்டாள்.

"நாம கத்துனா சாரும் கத்தணும். கத்துனா சாருக்குத் தொண்டை கிழிஞ்சிரும். அதனால யாரும் கத்தக் கூடாது."

அதன் பிறகு யாராவது குரலை உயர்த்தினால், "ஏய் மைக் செட்டு, அமுக்கு," என்று நாலு பக்கமிருந்தும் வரும். அதுவும் ரகசியக் குரலில்தான்.

எனக்கு வேறு வழி தெரியவில்லை. பெஞ்சு பெஞ்சாகப் போய்க் குனிவேன். பிள்ளை என் காதருகே வாசிக்கும். தப்பு வந்தால் அந்தச் சொல்லின் மேல் விரலை வைப்பேன். மறுபடி வாசிக்கும். மற்றவர்கள் பலகையில் எழுதியதைச் செய்துகொண்டிருப்பார்கள்.

முதல் வாரத்திலேயே ஒன்று தெரிந்துவிட்டது. மேல் வகுப்புகளில் ஐந்து பேருக்கு வாசிக்கத் தெரியவில்லை. எல்லோரும் சேர்ந்து கத்தும்போது வாயை மட்டும் அசைத்துக்கொண்டோ, காதில் விழுந்ததை மனப்பாடமாகச் சொல்லிக்கொண்டோ அவர்கள் காலத்தை ஓட்டியிருக்கிறார்கள். மூன்றாம் வகுப்புப் பையன் ஒருவன் முழுப் பாடத்தையும் ராகத்தோடு சொல்வான். விரலை வேறு வரியில் வைத்தாலும் அவன் வாயில் பழைய வரிதான் வந்தது. திட்ட வாயெடுத்தேன், குரல் இல்லை. அந்த ஐந்து பேருக்கும் சிலேட்டில் 'அ'விலிருந்து தொடங்கினேன். நான் எழுதிக் காட்ட, வாசிக்கத் தெரிந்த ஒரு பிள்ளை பக்கத்தில் உட்கார்ந்து எழுத்தின் ஒலியைச் சொல்லும்.

கூடத்தின் எங்கள் பாதி அமைதியாகிவிட்டது. கன்னடப் பிரிவு ஆசிரியை பீரோ இடுக்கில் தலையை நீட்டினார். கோலாரில் பிறந்தவர், தமிழ் அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. வாத்தியார் என்பதற்கு மட்டும் கன்னடத்தில் மேஷ்ட்ரே என்றுதான் வரும்.

"மேஷ்ட்ரே, பசங்க இருக்காங்களா, இல்ல வூட்டுக்கு அனுப்பிட்டீங்களா?"

நான் பத்தொன்பது விரல் காட்ட முயன்று தோற்றேன்.

நான்காவது வாரம், காலைப் பால் கொடுத்து முடித்த நேரத்தில், கல்வி அலுவலகத்திலிருந்து ஓர் அதிகாரி வந்தார். தலைமை ஆசிரியை கூட்டத்துக்குப் போயிருந்தார். அதிகாரி எங்கள் பக்கம் வந்து ஒரு பிள்ளையை எழுப்பி வாசிக்கச் சொன்னார். உதடு அசைந்தது, ஒன்றும் கேட்கவில்லை. சத்தமாக என்றார். அதே ரகசியம்தான். அடுத்த பிள்ளையும் அப்படியே. மூன்றாவது பிள்ளை அந்தக் கண்டிப்பான பெண்ணின் முகத்தைப் பார்த்துவிட்டுக் குரலை இன்னும் தணித்தது. அடித்து மிரட்டி வைத்திருக்கிறீர்களா என்று என்னைக் கன்னடத்தில் கேட்டார். நான் தொண்டையைக் காட்டி மருத்துவர் சீட்டை நீட்டினேன். அவர் அதைப் படித்துவிட்டு என்னைப் பார்க்காமல், சத்தம் கேட்டு வந்து நின்ற கன்னட ஆசிரியையைப் பார்த்தார். பேச முடியாத ஆசிரியர், படிக்கத் தெரியாத பிள்ளைகள், இதை எதற்கு வைத்திருப்பது, திங்கட்கிழமையிலிருந்து எல்லோரையும் உங்கள் பக்கம் உட்கார வையுங்கள் என்றார். ஆசிரியை ஏதோ சொல்ல ஆரம்பித்தார். அதிகாரி பையைத் தோளில் மாட்டிக்கொண்டார்.

மாற்றுவார்களோ என்று நான் இத்தனை நாள் பயந்தது நடந்துவிட்டது. பலகையில் மறுத்து எழுதச் சாக்பீஸைத் தேடினேன். அதற்குள் அந்தப் பெண் புத்தகங்களோடு போய் அதிகாரி முன்னால் நின்றாள்.

"ஸார், ஸ்வல்ப பக்கி," என்றாள். கொஞ்சம் குனியுங்கள் என்று.

அவர் என்ன ஏதென்று புரியாமல் குனிந்தார். அவள் அவர் காதருகே வாயை வைத்து வாசித்தாள். முதலில் தமிழ்ப் பாடம், பிறகு இரண்டாம் மொழியான கன்னடப் பாடம். அவர் நிமிரும் வரைக்கும் விடவில்லை.

ஏன் காதில் வாசிக்கிறாய் என்று கேட்டார். பெங்களூர்க்காரர், தமிழ் புரியும் என்று அவளுக்கு எப்படித் தெரிந்ததோ, தமிழிலேயே சொன்னாள்.

"ஜோரா, சத்தமா படிச்சா சாரும் ஜோரா பேசணும் சார். அவருக்குத் தொண்டைல புண்ணு. அதான் நாங்க யாரும் கத்தறதில்ல."

அவர் பையைக் கழற்றி பெஞ்சில் வைத்தார். பிறகு அவராகவே ஒவ்வொருவராகக் கூப்பிட்டுக் காதைக் கொடுத்தார். மூன்றாவதாக அவர் விரல் அந்த ராகக்காரப் பையனை நோக்கி நீண்டது. அவனுக்கு நாங்கள் அப்போதுதான் கொம்பு, கால் வரை வந்திருந்தோம். நான் தூரத்தில் இருந்தேன், என்ன வாசித்தான் என்று கேட்கவில்லை. விரல் எழுத்தெழுத்தாக நகர்ந்தது மட்டும் தெரிந்தது. இரண்டு இடத்தில் நின்று, திரும்பிப் போய், மறுபடி வந்தது. அதிகாரி அவசரப்படுத்தவில்லை. ஒன்பதாவது பிள்ளையோடு இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தார்.

"பசங்க இங்கயே இருக்கட்டும்," என்றார் என்னிடம். "ஆனா பரீட்சைக்கு முன்னாடி நான் மறுபடி வருவேன். அப்ப எல்லாரும் வாய் விட்டுப் படிக்கணும். இதே மாதிரி விட்டா ஹைஸ்கூல்ல எவன் காது கொடுப்பான்?"

அவர் சொன்னது நியாயம். அமைதி எனக்குச் சுகமாக இருந்ததால் அதை நான் யோசிக்கவில்லை. அன்று மாலையே வேலையைத் தொடங்கினோம். வாயில்லாத நான் பிள்ளைகளுக்குச் சத்தம் சொல்லிக்கொடுக்க வேண்டும். கன்னட ஆசிரியை கை கொடுத்தார். நாள் முடியும் கடைசி அரை மணியில் அவர் தன் பக்கத்துக் கோடியில் போய் நின்றுகொள்வார். எங்கள் பிள்ளை ஒன்று எழுந்து, பீரோவைத் தாண்டி அவருக்குக் கேட்கும்படி தனியாக ஒரு பக்கம் வாசிக்க வேண்டும். சேர்ந்து கத்த அனுமதி இல்லை.

"கேக்கல," என்பார். மறுபடி வாசிக்கும். "கொசு பாடற மாதிரி இருக்கு. இன்னும்."

கண்டிப்பான பெண்ணுக்குத்தான் அது மிகவும் கஷ்டமாக இருந்தது. தான் போட்ட சட்டத்தைத் தானே உடைக்க அவளுக்கு இரண்டு வாரம் பிடித்தது. பிறகு வெல்டிங் பட்டறைக்கே கேட்கும்படி வாசித்தாள்.

ஒரு நாள் கன்னட ஆசிரியை என்னிடம் முகத்தைச் சுளித்துக்கொண்டு வந்தார். அவரும் தன் பிள்ளைகளிடம் காதைக் கொடுத்துப் பார்த்திருக்கிறார். "எனக்கு நாப்பத்தோரு பேரு மேஷ்ட்ரே. இடுப்பு போச்சு. அதுல ஒம்பது பேரு வாய மட்டும் அசைக்கறாங்க. நிம்மதியா இருந்தேன், கெடுத்துட்டீங்க." மறுநாள் காலை அவர் அரை மணி முன்னதாக வந்து அந்த ஒன்பது பேரோடு உட்கார்ந்திருந்தார்.

அதிகாரி சொன்னபடி வந்தார். பிள்ளைகள் நின்ற இடத்தில் நின்று வாசித்தார்கள். அவர் குனிய வேண்டியிருக்கவில்லை. பிரிவு அப்படியே இருந்தது. ஆறு வாரம் என்றது பத்து வாரம் ஆனது. குரல் பாதிதான் திரும்பியது, இன்றுவரை பாதிதான். சேர்ந்து கத்தும் வழக்கத்தை நான் திரும்பக் கொண்டுவரவில்லை. என் ஐந்து பேரில் நான்கு பேர் அந்த ஏப்ரலுக்குள் வாசித்தார்கள். ராகக்காரப் பையனுக்கு நீளமான சொற்கள் மிச்சம் இருந்தன, இன்னும் ஒரு வருடம் வேண்டும் என்று தோன்றியது. நான் ஓய்வு பெறவும் இன்னும் ஒரு வருடம் இருந்தது. ஜூனில் பள்ளி திறந்ததும் அவனை முதல் பெஞ்சுக்கு மாற்றினேன்.